யாழ்ப்பாணத்தில் ஒரு பகல்: நயினாதீவா, நெடுந்தீவா?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வரவிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "எங்களுக்கு அங்கே ஒரு முழுப் பகல் கிடைக்கிறது. எழுபது வயதை நெருங்கும் அம்மா நயினாதீவு அம்மனைத் தரிசிக்க வேண்டும் என்கிறார். பத்து வயது மகனுக்கு நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க ஆசை. எனக்கும் மனைவிக்கும் கோட்டை, நூலகம், நல்லூர். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? முடியாதென்றால் எதை விடுவது?"

இந்த முறை நெடுந்தீவை விட்டுவிடுங்கள். காலையில் நயினாதீவு, மாலையில் நகரம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் அம்மாவும் களைத்துப்போக மாட்டார், நீங்களும் எதையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டியிருக்காது. தனிப்படகு அமர்த்திக்கொண்டு இரண்டு தீவுகளிலும் ஒரே நாளில் கால் வைத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போனவர்களிடம் நெடுந்தீவு எப்படி இருந்தது என்று கேட்டால் வெயிலையும் அவசரத்தையும் பற்றித்தான் சொல்வார்கள்.

தீவுப் பயணத்தில் உங்கள் நாள் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பது படகுதான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புறப்படும் இடம் ஒன்றே: புங்குடுதீவின் மேற்குக் கரையில் உள்ள குறிகாட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவு பதினைந்து, இருபது நிமிடம். காலை முதல் மாலை வரை படகுகள் ஆட்கள் சேரச் சேரப் போய் வந்துகொண்டே இருக்கும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது இருக்கிறது. நெடுந்தீவு அப்படியல்ல. ஒரு மணி நேரக் கடற்பயணம். போகும் படகுகளும் குறைவு. காலையில் போனால் பிற்பகலில்தான் திரும்பலாம். அந்தப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேயே தங்க வேண்டும். தீவோ ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். பார்க்க வேண்டியவை ஒரு மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. அதற்கு ஒரு நாளை முழுதாகக் கொடுத்தால்தான் அது உங்களுக்கு எதையாவது காட்டும்.

இனி உங்கள் நாளுக்கு வருகிறேன். காலை ஆறு மணிக்கு, தாமதமானால் ஆறரைக்கு, நகரை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள். யாழ்ப்பாணம் மத்திய பேருந்து நிலையத்திலிருந்து 776 இலக்க பஸ் குறிகாட்டுவானுக்கு ஓடுகிறது. ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். நீங்கள் இருவர் மட்டும் வந்திருந்தால் அந்த பஸ்ஸைத்தான் சொல்லியிருப்பேன். தீவுக்குப் போகும் ஆசிரியர்களும் மரக்கறி மூட்டைகளோடு வரும் வியாபாரிகளும் அதில்தான் போகிறார்கள். அம்மாவும் சிறுவனும் உடன் இருப்பதால் ஒரு வான் அல்லது ஓட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது. திரும்பும் வழியில் விரும்பிய இடத்தில் நிறுத்தலாம் என்பதே அதன் பெரிய நன்மை.

நிறுத்த வேண்டிய முதல் இடம் நகரை விட்டு வெளியேறிய சில நிமிடங்களிலேயே வந்துவிடும். கோட்டையைத் தாண்டியதும் பண்ணைப் பாலம். பாலம் என்று சொன்னாலும் அது பரவைக்கடலின் குறுக்கே மண்ணும் கல்லும் கொட்டி உயர்த்திய நீண்ட தாம்போதி. இருபுறமும் தண்ணீர் சாலையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஆழம் மிகக் குறைவு. கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே ஒருவர் இடுப்பளவு நீரில் நடந்து போவதைப் பார்ப்பீர்கள். அவர் போகும் இடத்தில் தடிகள் வரிசையாக நட்டிருக்கும். அந்தத் தடிகளில் கட்டிய வலை நேராக ஓடிப் போய், முனையில் வளைந்து ஒரு கூடுபோல் சுருண்டுவிடும். வலையோரமாக நீந்தி வரும் மீனும் இறாலும் நண்டும் வளைவுக்குள் புகுந்தபின் வெளியேற வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் போய் அள்ளி வருவார்கள். இதைக் களங்கண்டி என்பார்கள். இந்தக் கடல்நீரேரி இப்படி ஆழமற்று இருப்பதால்தான் இந்தத் தொழில் இங்கே நிலைத்திருக்கிறது. மகனை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் காட்டுங்கள். குதிரையைக் காணாத குறை கொஞ்சமாவது தீரும். மாரி காலத்தில் வந்தால் பூநாரைகளும் கண்ணில் படலாம். அவை எந்த நாளில் எந்தப் பக்கம் இறங்கும் என்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது என்பதால் அவனிடம் உறுதி சொல்லிவிட வேண்டாம்.

அங்கிருந்து சாலை வேலணைத் தீவுக்குள் நுழைந்து, இன்னொரு கடல்வழித் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவில் ஏறுகிறது. புங்குடுதீவைக் கடக்கும்போது வெளியே பாருங்கள். கூரை இல்லாத வீடுகள், வேர் பிளந்த சுவர்கள், முற்றத்தில் வளர்ந்த பனைகள், நடுநடுவே புதுப் பெயின்ட் அடித்துப் பூட்டிய பெரிய வீடுகள். 1990களின் தொடக்கத்தில் போரால் இந்தத் தீவின் மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். கொழும்புக்கும் சுவிஸுக்கும் பிரான்ஸுக்கும் கனடாவுக்கும் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ஆனால் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பணம் அனுப்புகிறார்கள், பூட்டிய வீட்டுக்கு ஆண்டுக்கொரு முறை வெள்ளை அடிக்கிறார்கள். இதைப் பாழடைந்த ஊர் என்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தச் சுவர்கள் ஒவ்வொன்றுக்கும் எங்கோ உயிரோடு ஒரு உரிமையாளர் இருக்கிறார்.

குறிகாட்டுவானில் அம்மாவைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். நயினாதீவுப் படகுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. மேலே தட்டையான கூரை, கீழே வயிற்றுக்குள் இருக்கைகள். கூட்ட நாட்களில் படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அப்போது துறையிலிருந்து முதல் படகில் ஏறி, அதன் விளிம்பைத் தாண்டி இரண்டாவதில் இறங்க வேண்டியிருக்கும். படகு அலைக்கு மேலெழும்போது காலை வைக்க வேண்டும், தாழும்போது அல்ல. படகுக்காரர்கள் கை கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கான முதியவர்களை ஏற்றி இறக்கிப் பழகிய கைகள் அவை. கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பையை அவர் தோளில் மாட்டவிடாதீர்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே செருகிக்கொள்வதும் நல்லது. உள்ளே குனிந்து இறங்கும் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி இருந்தால் வாசலுக்கு அருகிலேயே உட்கார இடம் கேளுங்கள், தருவார்கள். உயிர்காப்பு அங்கியைக் கொடுத்தால் அணிந்துகொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். "இருபது நிமிடம்தானே" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

நயினாதீவு சிறியது. நடந்தே பார்த்துவிடலாம். படகு நெருங்கும்போதே நாகபூசணி அம்மன் கோயிலின் கோபுரம் கடலோரத்திலேயே எழுந்து நிற்பது தெரியும். கோயில் வரலாறாக இங்கே சொல்லப்படும் கதை உங்கள் மகனுக்குப் பிடிக்கும். பக்கத்துத் தீவிலிருந்து ஒரு நாகம் வாயில் பூவைக் கவ்விக்கொண்டு அம்மனை வழிபட நீந்தி வந்ததாம். அதை ஒரு கருடன் துரத்தியது. நாகம் கடலில் இருந்த பாறையைச் சுற்றிக்கொள்ள, கருடன் எதிரே இன்னொரு பாறையில் காத்திருந்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் ஒருவன் கருடனிடம் மன்றாடி நாகத்தை விடுவித்தான். பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் இன்றும் ஊரவர் காட்டுவார்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும். ஒரு வேட்டியோ துண்டோ கொண்டுபோனால் வசதி.

கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் நாகதீப விகாரை. புத்தர் தமது இரண்டாவது இலங்கை வருகையில், மணி பதித்த ஓர் ஆசனத்துக்காகப் போரிட நின்ற மகோதரன், சூளோதரன் என்ற இரு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தியது இந்தத் தீவில்தான் என்பது மகாவம்சம் என்ற பழைய பாலி மொழி நூல் வழியான பௌத்தர்களின் நம்பிக்கை. தமிழ்க் காப்பிய நாயகி மணிமேகலை, மணிமேகலா தெய்வத்தால் கொண்டுசெல்லப்பட்டு இறங்கும் மணிபல்லவமும் இதுவே என்று கருதுவோர் பலர். காப்பியத்தில் அங்கே புத்த பீடிகை இருக்கிறது, கோமுகிப் பொய்கை இருக்கிறது, அந்தப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலெழுந்து மணிமேகலையின் கைக்கு வருகிறது. இரு மொழியின் பழைய நூல்களும் நாகர், ஆசனம், தீவு என்று ஒரே காட்சியைச் சொல்வது எனக்கு இந்த மண்ணைப் பற்றிய மிக அருமையான செய்தியாகத் தோன்றுகிறது. ஆகவே கோயிலைப் பார்த்துவிட்டு விகாரைக்குப் போகாமல் திரும்ப வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அங்கே தொப்பியையும் செருப்பையும் கழற்றிவிடுங்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிருங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது இலங்கையில் பெரிய அவமதிப்பாகக் கருதப்படும். இதை மகனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வரலாற்றில் நாட்டம் உள்ளவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. அதை வெளியிட்டவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புத் தரப்பட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு உரியவனுக்கு. மற்றச் சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரை வணிகனுக்கு ஏன் கூடுதல் சலுகை என்று யோசித்துப் பாருங்கள். படைக்குக் குதிரை தேவை, குதிரையோ கடல் கடந்துதான் வர வேண்டும். வணிகன் பயந்து வேறு துறைக்குப் போய்விட்டால் இழப்பு அரசனுக்கு. சிங்கள அரசன் ஒருவன் தன் கடல் சட்டத்தைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறான் என்றால், இந்தத் துறைகளுக்கு வந்துபோன வணிகர்களின் மொழி எது என்பதும் விளங்கும்.

நண்பகல் பூசை முடிந்ததும் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் நடக்கும். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஒரு மணி, ஒன்றரை மணிப் படகில் ஏறினால் மாலை நகரத்துக்கு நேரம் நிறைய இருக்கிறது. திரும்பும் வழியில் வேலணையில் சாட்டிக் கடற்கரை. தண்ணீர் அமைதியாக, ஆழமில்லாமல் இருக்கும். மகனை அரை மணி நேரம் விளையாட விடுங்கள். கண் பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவைப் பற்றி இவ்வளவோடு நிறுத்த மனம் வரவில்லை. அடுத்த முறை வரும்போது அதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குங்கள். முடிந்தால் ஓர் இரவும். மாவிலித்துறையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது வேலிகள். பவளப் பாறைத் துண்டுகளைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வேலிகள் தீவு முழுவதும் ஓடுகின்றன. கையை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளத்தின் வட்ட வட்டமான கண்கள் தெரியும். சில கற்கள் கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட இலேசாக இருக்கும். பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட வேண்டும், ஒரு கல்லை எடுத்தால் பத்துக் கல் சரியும். இடைவெளிகளுக்குள் காற்று புகுந்து போவதால்தான் கடற்காற்றின் அடியைத் தாங்கி இந்த வேலிகள் நிற்கின்றன.

அந்தத் தீவுக்கு ஒல்லாந்தர் டெல்வ்ற் என்று தங்கள் ஊரின் பெயரை வைத்தார்கள். குதிரைகள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்றவற்றின் வழித்தோன்றல்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். இன்று அவை யாருக்கும் சொந்தமில்லாத கட்டாக்காலிகள். தெற்குப் பக்கத்துப் புல்வெளியில் கூட்டம் கூட்டமாக மேயும். கோடையில் குளங்கள் வற்றும்போது தண்ணீரின்றி இறந்துபோவதும் உண்டு. கோடையில் போனால் எலும்பு துருத்திய குதிரைகளைக் காண நேரிடும் என்பதைச் சிறுவனிடம் மறைக்க வேண்டாம். மழைக்குப் பின், தை மாசி மாதங்களில் புல் பச்சையாக இருக்கும்போது அவற்றைப் பார்ப்பதே அழகு. இவை தவிர, உள்ளே ஆட்கள் நுழைந்து நிற்கக்கூடிய பொந்துள்ள பெருக்க மரம், பவளக் கல்லால் கட்டிய ஒல்லாந்தர் கோட்டையின் எச்சம், செய்திப் புறாக்களை வளர்த்ததாகச் சொல்லப்படும் புறாக்கூடு, தெற்கே குவீன்ஸ் டவர் என்ற பழைய வெளிச்சக் கோபுரம், வெடியரசன் கோட்டை என்று ஊரவர் சொல்லும் கல்மேடு. நிழல் மிகக் குறைவு. துறையிலேயே ஓட்டோ கிடைக்கும். எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் துறைக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் பேசிவிட்டு ஏறுங்கள்.

நெடுந்தீவுப் பயணத்தில் குமுதினி என்ற படகின் பெயரைக் கேட்பீர்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போய்க்கொண்டிருந்த தீவு மக்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். தீவில் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். அந்தக் கடலில் பயணம் செய்பவர் அதைத் தெரிந்துகொண்டு போவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

உங்கள் நாளுக்குத் திரும்புவோம். நகரத்துக்கு நான்கு மணிக்குள் வந்துவிட்டால் வெயில் தாழ்ந்திருக்கும். முதலில் கோட்டை. போர்த்துக்கேயர் 1618இல் கட்டத் தொடங்கியது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் இருந்தது. 1990இல் நடந்த போரில் அது தரைமட்டமானது. இன்று உள்ளே பெரிய கட்டடங்கள் இல்லை, மதிலில்தான் பார்க்க இருக்கிறது. பவளக் கல் இங்கும் உண்டு. மேற்கு மதிலில் ஏறி நின்றால் பரவைக்கடலும், காலையில் நீங்கள் போன பண்ணைச் சாலையும் முழுதாகத் தெரியும். மதிலோரத்தில் தடுப்பு இல்லாத இடங்கள் உள்ளன. சிறுவனின் கையை விட வேண்டாம்.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் நூலகம். 1959இல் திறக்கப்பட்ட கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் இந்திய நூலகவியலின் முன்னோடியான ரங்கநாதன். சென்னையிலிருந்து வரும் உங்களுக்கு இந்தத் தொடர்பைச் சொல்லாமல் விட முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இன்று நிற்பது அதே தோற்றத்தில் மீட்டெடுத்த கட்டடம். மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். பார்வையாளர்கள் உள்ளே போக நேரக்கட்டுப்பாடு உண்டு என்பதால் காலையிலேயே தங்குமிடத்தில் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்பக் கோட்டையை முன்னோ பின்னோ மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடாமல், முடிந்தால் வாசிப்பறை வரை சென்று அமைதியாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக நல்லூர். கந்தசுவாமி கோயிலின் மாலைப் பூசைகள் நேரம் தவறாதவை. மணி சொன்னால் சொன்னதுதான். இன்றைய கோயில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அரசர் காலத்துக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். நல்லூர்தான் யாழ்ப்பாண அரசின் தலைநகரமாக இருந்தது. அதன் தடமாக அருகிலேயே ப வடிவில் அமைந்த யமுனா ஏரியும், சங்கிலியன் தோப்பு நுழைவாயிலும், மந்திரிமனையும் இருக்கின்றன. அம்மா கோயிலில் உட்கார்ந்திருக்க விரும்பினால், நீங்கள் அந்த இடைவெளியில் இவற்றைப் பார்த்துவிட்டு வரலாம்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வலுவாக வீசும். நயினாதீவுக்கு அது பெரிய தடையல்ல, நெடுந்தீவுப் படகில் வயிற்றைப் புரட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழையும் புயலும் வந்தால் படகுகளே நிறுத்தப்படும். தையிலிருந்து பங்குனி வரை மிக நல்ல காலம். பௌர்ணமி நாளும் நீண்ட விடுமுறைகளும் வந்தால் தென்னிலங்கையிலிருந்து யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். குறிகாட்டுவானில் வரிசை நீளும். அம்மாவோடு போவதால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆனி மாத நயினாதீவுத் திருவிழாவும், ஆடி ஆவணியில் இருபத்தைந்து நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவும் தனி அனுபவங்கள். அவற்றுக்காகவே வருவதாக இருந்தால் வாருங்கள், தீவும் நகரமும் சுற்றிப் பார்க்க அந்த நாட்கள் ஏற்றவையல்ல.

அம்மாவுக்குப் படகில் ஏறுவது சரிவராது என்று தோன்றினால், அல்லது அன்று காற்றால் படகு நின்றுவிட்டால், நீண்ட படகுப் பயணம் இல்லாத ஒரு சுற்று இருக்கிறது. வட்டுக்கோட்டை வழியாகப் பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து காரைநகர் போங்கள். கசூரினா கடற்கரையும் சவுக்கு மரங்களும் அங்கே. பிறகு காரைநகர்த் துறையிலிருந்து எதிரே ஊர்காவற்துறைக்கு, இங்கே 'பாதை' என்று சொல்லும் மிதவை ஓடுகிறது. மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு குறுகிய கடலைக் கடக்கும். ஓடுகிறதா என்று அன்று காலையிலேயே விசாரியுங்கள், பழுதுபட்டு நிற்கும் நாட்கள் உண்டு. கடக்கும்போது நடுக்கடலில் ஒரு கோட்டை மட்டும் தனியே தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் பிடித்த ஹம்மன்ஹீல். 1971இல் இலங்கை அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த ஜே.வி.பி. கட்சியினர் சிலர் அங்கே சிறை வைக்கப்பட்டார்கள். ஊர்காவற்துறையிலிருந்து வேலணை வழியே பண்ணைக்கு வந்துவிடலாம். பெரிய வண்டி அமர்த்தியிருந்தால் மிதவையில் ஏற்ற முடியாது, போன வழியே திரும்ப வேண்டும். கச்சதீவைப் பற்றியும் பலர் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: மாசி, பங்குனி வாக்கில் வரும் அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டுமே மக்கள் அங்கே போகிறார்கள், மற்ற நாளில் சுற்றுலாவாகப் போக முடியாது.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். எங்காவது ஒடியற்கூழ் கிடைத்தால் விடாதீர்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது. பலா இலையைக் கோலிக் குடிக்க வேண்டும். எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்காது, சொல்லி வைத்துச் செய்விக்க வேண்டியிருக்கும். அம்மா சைவம் என்றால் புட்டும் சொதியும் போதும். கோயிலுக்குப் போகும் நாளில் மச்சம், அதாவது அசைவம், சாப்பிடாத வழக்கம் இங்கேயும் உண்டு. கூழை முந்தின இரவுக்கோ மறுநாளுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை நகரத்திலிருந்தே கொண்டுபோங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைநீரே கிணற்று நீர். தீவுகளில் பல கிணறுகள் உவர். அங்குள்ளவர்களுக்கே நல்ல தண்ணீர் அரிது. வெற்றுப் போத்தலைத் தீவில் போட்டுவிட்டு வராமல் திரும்பக் கொண்டுவாருங்கள். பணத்தைத் தாளாக வைத்திருங்கள், கடவுச்சீட்டின் நகலும் கையில் இருக்கட்டும்.

தீவுப் பயணத்தை ஊர் திரும்பும் விமானத்தின் அதே நாளில் வைக்க வேண்டாம். பலாலி விமான நிலையம் நகரிலிருந்து தூரமில்லை என்பதை நம்பி, காலையில் நயினாதீவு போய்விட்டு அப்படியே விமானம் ஏறலாம் என்று திட்டமிடுவோர் இருக்கிறார்கள். காற்று எழுந்து படகு ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்தத் திட்டம் முழுதும் கலைந்துவிடும். நீங்கள் வந்து இறங்கும் நாளில் நகரில் தங்கி ஓய்வெடுங்கள். மறுநாள் தீவு, அதற்கடுத்த நாள் விமானம். இந்த வரிசையில் பயணச்சீட்டு கிடைக்காவிட்டால் தீவை விட்டுவிட்டு, கோட்டையும் நூலகமும் நல்லூரும் பண்ணைப் பாலமும் மட்டும் நிதானமாகப் பாருங்கள்.